குவார்ட்டரா, கஞ்சாவா, மாத்திரையா: தூக்கத்தை எது குறைவாகக் கெடுக்கும்?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டு பதில் எழுதிவிடக் கூடாது. வயது 34, வீடு காலடிப்பேட்டை, வேலை மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில், வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். நைட் முடித்து வந்து காலையில் படுத்தால் தூக்கம் வருவதில்லை என்று, முந்தின நாளே வாங்கி வைத்த குவார்ட்டரைப் போட்டுவிட்டுப் படுக்கிறீர்கள். நைட் வாரத்தில் மட்டும் என்று ஆரம்பித்தது இப்போது தினமும் ஆகிவிட்டது. அடித்துப் போட்ட மாதிரி தூங்கி, மூன்று மணி நேரத்தில் வியர்த்து நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள். பத்து நாள் நிறுத்திப் பார்த்தால் விடாமல் கெட்ட கனவு, அழுதுகொண்டே எழுந்திருக்கிறீர்கள், மறுபடி ஆரம்பித்தாயிற்று. ஒரு நண்பர் கஞ்சா பரவாயில்லை என்கிறார், இன்னொருவர் அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை அட்டை ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார். மூன்றில் எது தூக்கத்தைக் குறைவாகக் கெடுக்கும் என்பது கேள்வி. எனக்கென்னவோ இது எதுவுமே இல்லாமல் இனி தூக்கம் வருமா என்று பயந்துபோய்க் கேட்கிற மாதிரிதான் படுகிறது. அதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரும், ஆனால் கொஞ்ச நாள் பிடிக்கும். அப்புறம், போகிற போக்கில் "குறட்டையில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொல்கிறாள்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் மொத்தக் கேள்வியிலும் என் கண்ணில் பட்டது அதுதான். அதற்கும் வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ராயபுரத்துக்காரன், தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ராத்திரி ராத்திரியாக அடுத்தவர் தலையில் ஒயர் ஒட்டிவிட்டு அவர் தூங்குவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை, ஆக நைட் ஷிஃப்ட் கஷ்டமும் தெரியும். அலையைப் படிப்பது பற்றித் தைரியமாகச் சொல்வேன். எந்த மருந்து எவ்வளவு, எப்படிக் குறைப்பது என்பதெல்லாம் டாக்டர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியவை, அதில் நான் தலையிட மாட்டேன்.

தூக்கம் ஒரே மாதிரி ஒரு இருட்டு கிடையாது. மூளையில் ஓடும் மின்சாரத்தை வெளியிலிருந்தே பதிவு செய்யலாம் என்று ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1929-ல் எழுதினார். 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரண்டு பேர், தூங்குகிறவரின் கண்கள் மூடிய இமைக்குள்ளேயே விட்டுவிட்டு வேகமாக ஓடுவதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். அந்தச் சோதனைகளில் அசெரின்ஸ்கி தன் சின்னப் பையனையே படுக்க வைத்து ஒயர் ஒட்டிப் பார்த்தாராம், வீட்டில் என்ன சொன்னார்களோ. இப்போது நாங்கள் ராத்திரிப் பதிவை 30 விநாடிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பெயர் வைப்போம். கண் சொக்கும் நேரம் என்1, யாராவது கூப்பிட்டால் "நான் தூங்கவே இல்லையே" என்பார்கள். அடுத்தது என்2, ராத்திரியில் ஏறக்குறைய பாதி இதுதான். அப்புறம் என்3, பெரிய பெரிய அலையாக மெதுவாக வரும் ஆழ்ந்த தூக்கம். கடைசியாக ரெம், கண் ஓடும், கனவு ஓடும், ஆனால் கண்ணையும் மூச்சுத் தசையையும் விட்டுவிட்டு உடம்பில் மற்ற தசை எல்லாம் தளர்ந்து கிடக்கும். எல்லாம் ஒரு சுற்று வர சுமார் 90 நிமிடம், ஒரு ராத்திரிக்கு நாலைந்து சுற்று. முன்பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், பின்பாதியில் ரெம் அதிகம். கடைசியாகச் சொன்ன இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், குடி செய்யும் வேலை இங்கேதான்.

சந்தேகமே இல்லாமல் தெரிந்ததைச் சொல்கிறேன். குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், அது பொய்யில்லை. முன்பாதியில் ஆழ்ந்த தூக்கம்கூடக் கொஞ்சம் கூடும். "சரக்கு போட்டாத்தான் நல்லா தூக்கம்" என்று சொல்கிறவர்கள் தங்களுக்கு நடந்த முதல் மூன்று மணி நேரத்தைத்தான் சொல்கிறார்கள், அந்த அளவில் அது நிஜம். அதே முன்பாதியில் ரெம் அமுங்கிப்போகும். ஒரு குவார்ட்டரில் 60 கிராம் பக்கம் ஆல்கஹால் இருக்கிறது, கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் வெளியேற்றும், தொடர்ந்து குடிப்பவர்களுக்குக் கொஞ்சம் வேகமாக. ரத்தத்தில் அளவு இறங்க இறங்க, அதுவரை அமுக்கி வைக்கப்பட்டிருந்த நரம்பெல்லாம் மறுபக்கம் எகிறும்: இதயம் வேகமாக அடிக்கும், வியர்க்கும், தூக்கம் துண்டு துண்டாக உடையும், ஒண்ணுக்கு வேறு முட்டும். மீட்டர் வட்டிக்கு வாங்குகிற மாதிரிதான், கையில் காசு வந்தது உண்மை, ஆனால் வசூல் அதே நாளில் ஆரம்பித்துவிடும். அதோடு, தினமும் போட்டால் சில நாளிலேயே முதல் மூன்று மணி நேர லாபமும் குறைந்துவிடும். அப்புறம் அதே தூக்கத்துக்கு அளவைக் கூட்டியாக வேண்டும்.

உங்கள் விஷயத்தில் பழி முழுவதையும் குவார்ட்டர் மேல் போடவும் முடியாது. பகலில் தூங்குவது உடம்புக்கு எதிர்நீச்சல். மூளைக்குள் ஒரு கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது, காலை ஏற ஏற அது "எழுந்திரு" என்று தள்ளிக்கொண்டே இருக்கும். சொட்டு மது தொடாதவர்களும் நைட் முடித்து வந்து காலையில் படுத்தால் வழக்கத்தைவிட இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் முன்னதாகவே எழுந்துவிடுவது சாதாரணம். இன்னொன்று, ரெம் அந்தக் கடிகாரத்துக்கு ரொம்பவே கட்டுப்பட்டது, விடியற்காலையிலிருந்து காலை வரை அதற்குத்தான் வரவு அதிகம். நீங்கள் எட்டு மணிக்குப் படுக்கும்போது மூளை ரெம்முக்குத் தயாராக நிற்கிறது, நீங்களோ மேலே குவார்ட்டரை ஊற்றி அமுக்குகிறீர்கள். அஞ்சு மணிக்கு யார்டு வாசலில் குடித்த டீயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், ஆளுக்கு ஆள் மாறும், அதாவது பத்து மணிக்கும் அதில் பாதி உள்ளேதான் இருக்கும். உதட்டுக்கு அடியில் புகையிலை வைக்கும் பழக்கம் இருந்தால் அதுவும் தூக்கத்துக்குப் பகைதான், நீங்கள் எழுதவில்லை, நானாகச் சொல்கிறேன்.

இனி அந்தக் குறட்டை வரி. டெஸ்ட்டுக்கு வருகிற அன்று குடிக்காதீர்கள் என்று எழுதியே கொடுப்போம், இருந்தாலும் பயத்தில் ரெண்டு பெக் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பேஸ்ட் தடவித் தலையில் எலக்ட்ரோடு ஒட்டக் குனியும்போதே வாடை தெரிந்துவிடும். அப்படிப் படுத்தவரின் திரை எப்படி இருக்கும் என்றால், குறட்டை ஏறிக்கொண்டே போகும், திடீரென்று சத்தம் நிற்கும். மூக்குக் காற்றைக் காட்டும் கோடு தட்டையாகிவிடும், ஆனால் நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டிய பெல்ட்டின் கோடுகள் மட்டும் ஒன்றுக்கொன்று எதிராக ஆடிக்கொண்டே இருக்கும், ஆள் மூச்சு இழுக்கப் போராடுகிறார், தொண்டை திறக்கவில்லை. இருபது விநாடி, முப்பது, நாற்பது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்ற எண் கொஞ்சம் தாமதமாகத்தான் விழும்: 94, 88, 79. அப்புறம் ஒரு பெரிய உறுமல், கால் உதறல், மூளை அலை சில விநாடிக்கு விழித்த அலையாக மாறும், ஆக்சிஜன் ஏறும், மறுபடி குறட்டை, மறுபடி மௌனம். ராத்திரி முழுக்க இதே கதை. காலையில் ஒயரைப் பிரிக்கும்போது "சூப்பரா தூங்கினேன் சார், நடுவுல எழுந்திருக்கவே இல்ல" என்பார்.

மூச்சுக் குழாயின் மேல்பகுதி தூக்கத்தில் அடைத்துக்கொள்கிற இதைத் தூக்க மூச்சுத்தடை என்போம். ஒரு தடவைக்குக் குறைந்தது 10 விநாடி நின்றால்தான் கணக்கில் எடுப்போம். மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் வந்தால் நோய்க் கணக்கில் சேரும், முப்பதைத் தாண்டினால் கடுமை. ரத்தக் கொதிப்பு, இதயம், பகலில் கண் சொருகி விபத்து, எல்லாவற்றுக்கும் இதோடு தொடர்பு இருப்பது நன்றாகத் தெரிந்த விஷயம். தசை தளர்ந்து கிடக்கும் ரெம்மில் இது பெரும்பாலும் இன்னும் மோசமாகும். ஆல்கஹாலும் அதே தொண்டைத் தசையைத் தளர்த்துகிறது, போதாக்குறைக்கு மூச்சு நின்றால் எழுப்பிவிட வேண்டிய மூளையையும் மந்தமாக்குகிறது. இனி நான் சொல்வது என் ஊகம் மட்டும்: மூன்று மணி நேரத்தில் நீங்கள் வியர்த்து எழுந்திருப்பது, அமுங்கியிருந்த ரெம் திரும்பி வரும்போது அதிலேயே மூச்சும் அடைபடுவதால் இருக்கலாம். டெஸ்ட் எடுக்காமல் இதை அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சந்தேகம் ஒன்று போதும், நண்பர் கொடுத்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட.

பத்து நாள் கனவுக்கு வருவோம். அது உங்களுக்குப் பைத்தியம் பிடிப்பதும் இல்லை, குடி இல்லாமல் உங்களால் முடியாது என்பதற்கு அத்தாட்சியும் இல்லை. ரொம்ப நாள் அமுக்கி வைத்த ரெம், தடை நீங்கியதும் வழக்கத்தைவிட அதிகமாக, அழுத்தமாக வரும். திரையில் பார்த்தால் படுத்த கொஞ்ச நேரத்திலேயே கண் ஓட ஆரம்பித்துவிடும். சிலருக்கு இந்தச் சமயத்தில் விழித்த பிறகும் உடம்பு அசையாமல், நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். நம்மூரில் அமுக்குவான் பேய் என்று தாயத்து கட்டுவார்கள். ரெம்மின் தசைத் தளர்வு விழிப்புக்குள்ளும் சில விநாடியோ சில நிமிடமோ நீடிப்பதுதான் அது, தூக்கம் கெட்ட ஷிஃப்ட் ஆட்களுக்கு அதிகம் வரும், ஆபத்தில்லை. கனவின் வேகம் பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கும். தூக்கம் லேசாக உடைவது, பல வருடம் குடித்தவர்களுக்கு, மாதக் கணக்கில்கூட இழுக்கும். நீங்கள் மிக மோசமான கட்டத்தைக் கிட்டத்தட்டத் தாண்டிய நேரத்தில்தான் திரும்பிப் போயிருக்கிறீர்கள்.

அதற்காக இதைப் படித்துவிட்டு இன்றைக்கே சட்டென்று நிறுத்தாதீர்கள். தினமும் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் ஆள் தடம் மாறிப் பேசுவது, இல்லாத பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுவது, உடம்பெல்லாம் நடுங்குவது வந்தால் அது உயிர் போகிற அவசரம், 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். போன தடவை உங்களுக்கு இது வரவில்லை என்பது நல்ல சேதி, ஆனால் அடுத்த தடவைக்கு உத்தரவாதம் இல்லை. திரும்பத் திரும்ப நிறுத்தி ஆரம்பிப்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் இது கூடிப்போவதும் உண்டு. ஸ்டான்லி அரசு மருத்துவமனை நம் பக்கத்திலேயே இருக்கிறது, மனநலப் பிரிவு ஓபி-யில் சீட்டுப் போட்டு "குடியை நிறுத்தணும், தூக்கம் வரல" என்று சொன்னால் போதும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416, டெலி மானஸ், அரசாங்க மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசில்லை.

கஞ்சாவைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது, ஆராய்ச்சியிலேயே முடிவுகள் முன்னுக்குப் பின் இருக்கின்றன. கொஞ்ச நாளைக்கு வேகமாகத் தூங்க வைக்கும் என்பதும், ரெம்மைக் குறைக்கும் என்பதும் ஓரளவு தெரிந்தவை. ஆழ்ந்த தூக்கம் கூடுகிறதா குறைகிறதா என்பதில் ஒரு ஆய்வு ஒன்று சொல்கிறது, இன்னொன்று வேறு சொல்கிறது. தொடர்ந்து பிடித்தால் பலன் மங்கிவிடும், நிறுத்தினால் ஓரிரு நாளில் அதே கனவுக் கூத்து, தூக்கமின்மை, எரிச்சல், பல வாரம் வரை. ஆக உங்கள் நண்பர் சொல்வது, ஒரு கனவுக் கடனிலிருந்து இன்னொன்றுக்கு மாறச் சொல்வதுதான். மூச்சுத்தடைக்குக் கஞ்சாவை மருந்தாகத் தரக் கூடாது என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2018-லேயே சொல்லிவிட்டது. தெருவில் விற்கும் பொட்டலத்தில் வீரியம் எவ்வளவு, கலப்படம் என்ன என்று விற்கிறவனுக்கே தெரியாது. சட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ராத்திரி பைக்கில் வருகிறவர்களுக்குச் செக்கிங் எப்படி இருக்கும் என்று தெரியும்.

மூன்றில் உங்களுக்கு உடனடி ஆபத்து அதிகம் அல்பிரசோலத்தில்தான், அதுவும் குவார்ட்டரோடு சேர்ந்தால். அந்த வகை மாத்திரை போட்டவரின் அலையைப் பார்த்தாலே தெரியும்: என்2 நீண்டுகொண்டே போகும், அதில் வரும், நூல் சுற்றிய கதிர் போன்ற சின்னச் சின்ன வேக அலைகள் நிறைய இருக்கும், என்3-ன் பெரிய அலைகள் குறைந்திருக்கும். பதற்ற நோய்க்கு டாக்டர் கொஞ்ச நாளைக்கு எழுதித் தருவது வேறு, அதைத் தப்பு சொல்லவில்லை. ஆனால் ஆல்கஹாலும் இதுவும் மூளையில் ஏறக்குறைய ஒரே பூட்டில் கை வைக்கின்றன, இரண்டும் சேர்ந்தால் மூச்சு அமுங்கும். ஏற்கெனவே மூச்சு நிற்பதாகச் சந்தேகப்படும் ஆளுக்கு இதைக் கொடுப்பது நண்பர் செய்கிற வேலை இல்லை. பழகிய பிறகு திடீரென நிறுத்தினால் இதிலும் வலிப்பு வரும். இது எச்1 பட்டியலில் இருக்கும் மருந்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் கடைக்காரர் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை "லைட்" என்று யாராவது சொன்னால், அதுவும் அதே பட்டியல்தான். தூக்கத்தில் எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது போன்றவற்றுக்காக 2019-ல் அமெரிக்காவில் அதன் பெட்டியிலேயே கடும் எச்சரிக்கை போட வைத்தார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் ஏரியாப் பசங்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை: வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டு "அப்படியே சொக்குது" என்கிறார்களே, அந்தச் சொக்கலில் ஆழ்ந்த தூக்கமும் குறையும், ரெம்மும் குறையும், மூச்சு விடச் சொல்லும் மூளையின் கட்டளையே விட்டுவிட்டு வரும். தொண்டை அடைத்தால் உடம்பு போராடுவதாவது தெரியும். இதில் நெஞ்சும் வயிறும் ஆடாமல் சும்மா கிடக்கும், போராட்டமே இருக்காது. மேலே சரக்கும் சேர்ந்தால் அப்படியே போய்விடுவார்கள்.

சரி, இனி என்ன செய்யலாம். முதலில் குடிக்கு டாக்டர், இரண்டாவது தூக்க டெஸ்ட், இந்த வரிசை மாறினாலும் பரவாயில்லை, இரண்டையும் விடாதீர்கள். மூச்சுத்தடை என்று உறுதியானால் பெரும்பாலும் மூக்கில் மாட்டும் சிபேப் மெஷினைச் சொல்வார்கள். 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் முதலில் எழுதியது, காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான். பார்க்கப் பயமாக இருக்கும், முதல் சில நாள் எரிச்சலாகவும் இருக்கும். ஆனால் கடுமையாக மூச்சு நின்றுகொண்டிருந்தவர் அதை மாட்டியதும் ஆக்சிஜன் கோடு நேராக நிற்பதைப் பார்ப்பது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம். எடையைக் குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்கு உதவும், சிலருக்கு உதவாது.

தூக்கம் வராமல் போவதற்கு மாத்திரையைவிட முதலில் முயல வேண்டியது பேச்சு, பழக்க முறையிலான சிகிச்சை என்று உலகம் முழுக்க ஏற்றுக்கொண்டாயிற்று. நம் பக்கம் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு என்பதுதான் சங்கடம், மனநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். நைட் வாரத்துக்கு மட்டும் சில காரியங்கள்: கடைசி டீயை ராத்திரி இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருகிற வழியில் கறுப்புக் கண்ணாடி போடுங்கள், தூக்கம் கண்ணைச் சுற்றினால் வேண்டாம், அந்த நிலையில் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கே ஓட்டக் கூடாது, பஸ்ஸில் வாருங்கள். ஜன்னலுக்குக் கெட்டியான துணி, ஃபேன், காதில் பஞ்சு. ஒற்றை அறை வீட்டில் பத்து மணிக்குக் குக்கர் விசிலும் டிவியும் இல்லாமல் இருக்காது, அதனால் ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். வந்ததும் நாலைந்து மணி நேரம், வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம் என்று பிரித்துத் தூங்கினாலும் உடம்பு ஏற்றுக்கொள்ளும். சூப்பர்வைசரிடம் பேச வாய்ப்பிருந்தால் ஷிஃப்ட் காலை, மாலை, நைட் என்ற வரிசையில் மாறும்படி கேளுங்கள், எதிர் வரிசையைவிட உடம்புக்கு அது லேசு. மெலடோனின் பற்றிக் கேட்பீர்கள், பகல் தூக்கத்தைச் சிலருக்குக் கொஞ்சம் நீட்டுகிறது, பெரிய பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

டாக்டரிடம் போகும் முன் வீட்டில் ஒரு உதவி கேளுங்கள். நீங்கள் தூங்கி இரண்டு மணி நேரம் கழித்து, போனைத் தலைமாட்டில் வைத்து, முகமும் நெஞ்சும் தெரிகிற மாதிரி பத்து நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், லைட் மங்கலாக இருந்தாலும் சத்தம் தெளிவாக விழ வேண்டும். குறட்டை நின்றதிலிருந்து மறுபடி உறுமல் வரும் வரை எத்தனை விநாடி, பத்து நிமிடத்தில் எத்தனை தடவை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அன்று எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தீர்கள் என்பதையும் குறைக்காமல் கூடவே எழுதிக்கொண்டு போங்கள், டாக்டர் எழுதும் மருந்தே அதைப் பொறுத்து மாறும். அந்த விநாடிக் கணக்கை இங்கேயும் போடுங்கள், டெஸ்ட்டுக்கு எவ்வளவு அவசரமாகப் போக வேண்டும் என்று என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.